தினசரி ஓட்டும் ஸ்போர்ட்ஸ் காருக்குக் காயிலோவர்: தருமபுரி – கிருஷ்ணகிரி சாலையில் கேடபிள்யூ வேரியண்ட் 3

தருமபுரியில் குடியிருந்துகொண்டு, கிருஷ்ணகிரிக்கு அருகே நண்பர் ஒருவருடன் சேர்ந்து மாங்கூழ் ஆலை நடத்தி வருகிறேன். போக வர நூறு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. வாரத்தில் ஆறு நாள் ஓட்டம். இந்த ஓட்டத்துக்கு விவரம் தெரிந்தவர்கள் உயரமான டீசல் வண்டியைத்தான் எடுப்பார்கள். நான் எடுத்ததோ பழைய ஆடி டிடி. இரண்டு லிட்டர் டர்போ பெட்ரோல் எஞ்சின், 230 குதிரைத்திறன், நான்கு சக்கரங்களுக்கும் இழுவை. ஆடி மாதத்தில் வண்டி எடுக்கக் கூடாது என்று அம்மா ஒற்றைக் காலில் நின்றதால், விலை பேசி முடித்த ஆடி, ஆவணி பிறந்த பிறகுதான் எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தது.

வந்த சில மாதங்களிலேயே முன் ஷாக் அப்சார்பர் இரண்டிலும் எண்ணெய் கசிய ஆரம்பித்தது. கம்பெனி ஷாக்கையே மறுபடி போடுவதா, ஷாக்கைச் சுற்றி ஸ்பிரிங் அமைந்த, உயரத்தையும் பல செட்டுகளில் இறுக்கத்தையும் நாமே மாற்றிக்கொள்ளக்கூடிய காயிலோவர் போடுவதா என்ற கேள்வி அப்போதுதான் எழுந்தது. இதில் நான் ஒரு முறை தவறினேன். முதலில் வாங்கிய செட்டின் பெயரையும், அதைப் பூட்டிய வொர்க்‌ஷாப்பின் பெயரையும் இங்கே எழுதப்போவதில்லை. ஆனால் அந்த ஏழு மாத அனுபவம் இல்லாமல் இப்போதைய செட்டை என்னால் மதிப்பிட முடியாது என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

முதல் செட்டை நான் இரண்டு காரணங்களுக்காக வாங்கினேன். வண்டியை 50 மில்லிமீட்டருக்கு மேல் தாழ்த்தலாம் என்பது ஒன்று; டேம்பரின், அதாவது ஷாக் அப்சார்பரின், இறுக்கத்தை மாற்ற முப்பதுக்கும் மேற்பட்ட கிளிக் இருக்கிறது என்பது இன்னொன்று. இரண்டுமே தினசரி ஓட்டத்துக்குப் பயனற்றவை என்பது எனக்கு அப்போது தெரியாது. தாழ்த்திய முதல் நாள் வண்டி படத்தில் வருவதுபோல அழகாக நின்றது. மூன்றாம் நாள், ஆலைக்குத் திரும்பும் ஊர்ச்சாலையில், ஊர்க்காரர்களே கான்கிரீட்டில் போட்டு வைத்திருக்கும் வேகத்தடையில் முன் பம்பரின் அடிப்பகுதி தட்டிப் பிளந்தது. இந்தியச் சாலைக் காங்கிரஸின் வழிகாட்டு விதிப்படி, மணிக்கு 25 கிலோமீட்டரில் கடக்க வேண்டிய உருண்டை வேகத்தடை 10 சென்டிமீட்டர் உயரமும் 3.7 மீட்டர் அகலமும் இருக்க வேண்டும். அந்த அளவுக்குப் போட்டிருந்தால் எந்த வண்டியும் தட்டாது. நம் ஊர்ச்சாலைகளில் உயரம் மட்டும் அப்படியே இருக்கும், அகலமோ ஒரு முழத்துக்குள் முடிந்துவிடும். காயிலோவர் விற்பவரின் பட்டியலில் இதற்கெல்லாம் இடமில்லை. வாங்குகிறவர்தான் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

தட்டுவதைவிட மோசமானது, வண்டி தூக்கிப் போட்டதுதான். பின்னால் யோசித்துப் பார்த்தபோது கணக்கு எளிதாகவே இருந்தது. ஒரு சக்கரம் மேலே ஏற 70 மில்லிமீட்டர் இடம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். வண்டியை 35 மில்லிமீட்டர் தாழ்த்தினால் மிஞ்சுவது பாதி. ஸ்பிரிங் விழுங்கும் ஆற்றல், அது அமுங்கும் தூரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆகவே டேம்பரின் பங்கை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், அதே அடியைப் பாதி இடத்தில் விழுங்குவதற்கு ஸ்பிரிங் நான்கு மடங்கு கடினமாக இருக்க வேண்டும். அவ்வளவு கடினமான ஸ்பிரிங்கைப் போட்டால் உட்கார்ந்து போக முடியாது; போடாவிட்டால் ஒவ்வொரு குழியிலும் டேம்பர், அதன் பயணம் முடியும் இடத்திலுள்ள தடுப்பான பம்ப் ஸ்டாப்பில் போய் முட்டும். தாழ்ந்த வண்டிகளில் முதுகில் விழும் அந்த அடி பெரும்பாலும் ஸ்பிரிங்கின் கடினத்தால் வருவதன்று. பம்ப் ஸ்டாப்பில் முட்டுவதால் வருவது. எனவே இந்தச் சாலைக்குக் காயிலோவர் தேடுகிறவர் முதலில் கேட்க வேண்டியது, எவ்வளவு தாழும் என்பதையல்ல. தாழ்த்திய பிறகு சக்கரத்துக்கு எவ்வளவு பயணம் மிஞ்சும் என்பதை. இந்தக் கேள்விக்கு நேரான பதில் சொன்ன விற்பனையாளர் எனக்கு ஒருவர்தான் கிடைத்தார்.

அவரிடம் வாங்கியதுதான் ஜெர்மனியின் கேடபிள்யூ வேரியண்ட் 3. அதற்கு முன் பார்த்து ஒதுக்கியவற்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அவை தரம் குறைந்தவை என்பதால் ஒதுக்கப்படவில்லை. பில்ஸ்டைன் பி14-இல் உயரத்தை மட்டும்தான் மாற்ற முடியும். இறுக்கம் தொழிற்சாலையில் அமைத்ததுதான். தனக்கு இந்த விளையாட்டெல்லாம் வேண்டாம், நல்ல ஷாக்காக இருந்தால் போதும் என்பவருக்கு அதுவே மிகச் சரியான தேர்வு என்று இன்றும் நினைக்கிறேன். அதே நிறுவனத்தின் பி16-இல் பத்து நிலைகள் உண்டு. ஆனால் ஒரே திருகு, ஸ்பிரிங் அமுங்கும்போதுள்ள எதிர்ப்பையும் (கம்ப்ரெஷன்) விரியும்போதுள்ள எதிர்ப்பையும் (ரீபவுண்ட்) சேர்த்தே மாற்றும். ஜப்பானின் டெயின் ஃபிளெக்ஸ் இசட்டில் 16 நிலைகள். தைவானின் பிசி ரேசிங் பிஆர் வகையில் 30. இவ்விரண்டிலும் டேம்பரின் அடிப்பகுதியைத் தனியாகத் திருகி உயரத்தை மாற்றுவதால், வண்டி தாழ்ந்தாலும் டேம்பருக்குள் இருக்கும் பயணம் குறையாது என்பது பெரிய வசதி. டேம்பரில் பயணம் மிஞ்சினாலும், மேலே ஏறும் டயர் முட்டுகிற சக்கர வளைவு அதே இடத்தில்தான் இருக்கிறது என்பதை மட்டும் மறந்துவிடக் கூடாது. ஸ்வீடனின் ஓலின்ஸ் ரோட் அண்ட் டிராக் என் ஆசைக்கு உரியதாக இருந்தது. பையிலிருந்த பணத்துக்கு உரியதாக இல்லை.

டேம்பரின் மேல்முனையை வண்டியின் உடலோடு பிணைக்கும் மேல் மவுண்ட் எதனால் ஆனது என்பதையும் பார்த்தேன். பந்தய வண்டிகளுக்கான பல செட்டுகளில் ரப்பருக்குப் பதிலாக உலோகக் கோளத்தில் சுழலும் பில்லோ பால் மவுண்ட் வரும். ஸ்டீயரிங் துல்லியமாகும் என்பது உண்மைதான். ஆனால் கிரானைட் லாரிகள் ஓடும் சாலையின் தூசி அந்த மூட்டுக்குள் புகுந்தால் கடகடவென்ற சத்தம் கூடவே குடியிருக்கும். வேரியண்ட் 3-இல் முன்பக்கம் வண்டியின் பழைய ரப்பர் மவுண்டையே திரும்பப் பயன்படுத்திக்கொள்ளலாம். எனக்கு அது பெரிய நிம்மதி.

காயிலோவர் என்று சொன்னாலும், டிடியின் பின்பக்கத்தில் ஸ்பிரிங் ஓர் இடத்திலும் டேம்பர் வேறோர் இடத்திலும் இருக்கும். அங்கே உயரத்தை மாற்றுவது ஸ்பிரிங்கின் அடியில் வைக்கும் திருகுத் தட்டுதான். முன்பக்கம் மட்டுமே டேம்பரைச் சுற்றி ஸ்பிரிங் அமைந்திருக்கிறது. செட் வாங்குகிறவர் தம் வண்டியின் முன் ஸ்ட்ரட்டின், அதாவது முன் டேம்பர் குழாயின், விட்டத்தை அளந்து பார்த்தே ஆர்டர் செய்ய வேண்டும். ஃபோக்ஸ்வாகன் குடும்பத்து வண்டிகளில் ஒரே மாடலிலேயே 50, 55 மில்லிமீட்டர் என இரண்டு அளவுகள் உண்டு. மின்னணு டேம்பர் உள்ள வண்டியாக இருந்தால், அதைக் கழற்றியதும் டாஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கு எரியும். அதை அடக்கும் தனிப் பெட்டி ஒன்றையும் சேர்த்து வாங்க வேண்டியிருக்கும்.

வேரியண்ட் 3-இன் சிறப்பு, ரீபவுண்டையும் கம்ப்ரெஷனையும் தனித்தனியாக மாற்றலாம் என்பது. சக்கரம் மேலே ஏறும்போது டேம்பர் தரும் எதிர்ப்பு கம்ப்ரெஷன். அமுங்கிய ஸ்பிரிங் விரியும்போது தரும் எதிர்ப்பு ரீபவுண்ட். ரீபவுண்டுக்கு 16 கிளிக், திருகு தண்டின் மேல்முனையில் இருக்கிறது; கம்ப்ரெஷனுக்கு 12 கிளிக், திருகு டேம்பரின் அடியில் இருக்கிறது. இவை இரண்டும் பிஸ்டன் மெதுவாக நகரும்போதுள்ள எதிர்ப்பைத்தான் முக்கியமாக மாற்றுகின்றன. வளைவில் சாய்வதும் பிரேக்கில் மூக்கு இறங்குவதும் அந்த மெதுவான நகர்வுகள். குழியில் விழுந்த சக்கரம் திடீரென்று துள்ளும்போது உள்ளே வேறு வால்வு தானாகத் திறந்துகொள்ளும். அதை நாம் தொட முடியாது, தொடத் தேவையுமில்லை.

பூட்டும் வேலையைச் சேலத்திலிருந்து வந்த ஒரு மெக்கானிக்கிடம் எங்கள் ஆலையிலேயே செய்யச் சொன்னேன். முதல் வொர்க்‌ஷாப் செய்த பிழை ஒன்றை அவர்தான் எனக்குக் காட்டினார். லிஃப்டில் சக்கரங்கள் தொங்கிய நிலையிலேயே, சக்கரத்தை வண்டியின் உடலோடு இணைக்கும் லோயர் ஆர்மின் போல்ட்டுகளை அங்கே முறுக்கி இறுக்கியிருந்தார்கள். அப்படி இறுக்கினால், வண்டியைத் தரையில் இறக்கும்போது உள்ளே இருக்கும் ரப்பர் புஷ் முறுக்கிக்கொண்டே நிற்கும்; சில மாதத்தில் கிழியும். எனக்குக் கிழிந்திருந்தது. “சார், வண்டி நிக்கிற உயரத்துல சக்கரத்துக்கு முட்டுக் குடுத்துட்டுத்தான் இதை டைட் பண்ணணும், இல்லன்னா புது புஷ்ஷும் இதே கதிதான்” என்று அவர் சொன்னார். உயரத்தைச் சக்கர மையத்திலிருந்து ஃபெண்டர் விளிம்புவரை நான்கு பக்கமும் அளந்து, செட் அனுமதிக்கும் மிக உயர்ந்த நிலையிலேயே வைத்தோம். அப்படியும் பழைய உயரத்தைவிட ஏறத்தாழ 20 மில்லிமீட்டர் குறைவுதான். பல செட்டுகளின் உச்ச நிலையே கம்பெனி உயரத்துக்குக் கீழே இருக்கும். வாங்குமுன் இதைக் கேட்டுக்கொள்வது நல்லது. ஸ்பிரிங் படிய ஐந்நூறு கிலோமீட்டர் ஓட்டிவிட்டு, மறுபடி அளந்து, அதன் பிறகே அலைன்மென்ட் செய்தோம். தாழ்ந்த வண்டியில் சக்கரத்தின் சாய்வும் (கேம்பர்) அது உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பியிருக்கும் கோணமும் (டோ) மாறியிருக்கும் என்பதால் இதைத் தள்ளிப்போட்டால் டயரின் உள்விளிம்பு தேயும். ஹெட்லைட்டின் கோணத்தைத் தீர்மானிக்கும் சென்சார் பின் ஆர்மில் பூட்டியிருப்பதால் அதையும் சரி செய்ய வேண்டியிருந்தது; இல்லையென்றால் இரவில் எதிரே வருபவரின் திட்டு நமக்கு.

பூட்டிய முதல் வாரத்தில் எனக்கு ஏமாற்றம்தான். அப்பாவை ஏற்றிக்கொண்டு காரிமங்கலம்வரை போய் வந்தேன். நெடுஞ்சாலையில் ஊர்ப் பிரிவுகளை நெருங்கும் இடங்களில் அடுத்தடுத்து ஒட்டியிருக்கும் வெள்ளைப் பட்டைகளின் மேல் ஏறும்போது, முதல் பட்டை மெத்தென்று போனது, இரண்டாவது சுமார், நான்காவதும் ஐந்தாவதும் இடுப்பில் இறங்கின. “என்னப்பா, இதுக்கு நம்ம பழைய டிராக்டரே தேவல போலிருக்கு” என்றார் அப்பா. இறுக்கம் அதிகம் என்று நினைத்து நான் கம்ப்ரெஷனைத் தளர்த்தினேன். நிலைமை கொஞ்சமும் மாறவில்லை.

பிறகு மெக்கானிக் சொன்னபடி ஒரு சோதனை செய்தேன். முன் டேம்பரின் தூசி உறையைத் தூக்கி, பளபளக்கும் தண்டைச் சுற்றி ஒரு மெல்லிய பிளாஸ்டிக் கேபிள் டையை இறுக்கமாகக் கட்டி, அதைக் கீழே சீல்வரை தள்ளிவிட்டேன். டேம்பர் அமுங்கும்போதெல்லாம் அதன் உடல் அந்த டையை மேலே தள்ளும். விரியும்போது டை அங்கேயே நின்றுவிடும். ஓட்டிவிட்டு வந்து பார்த்தால், அன்றைக்கு டேம்பர் அதிகபட்சம் எவ்வளவு அமுங்கியது என்பது கண்முன்னே இருக்கும். குழியோ வேகத்தடையோ இல்லாத சாலைப் பகுதியில் அந்தப் பட்டைகளின் மேல் மட்டும் ஓட்டிவிட்டு உறையைத் தூக்கினேன். விரல் கனம்கூட இல்லாத பட்டைகள். ஆனால் டை பம்ப் ஸ்டாப்புக்குள் ஏறிச் செருகியிருந்தது.

காரணம் ரீபவுண்ட். அது மிக இறுக்கமாக இருந்ததால், முதல் பட்டையில் அமுங்கிய ஸ்பிரிங் முழுதும் விரியுமுன் இரண்டாவது பட்டை வந்துவிட்டது. அதிலிருந்து மீளுமுன் மூன்றாவது. படிக்கட்டில் இறங்குவதுபோல ஒவ்வொரு பட்டையிலும் வண்டி கொஞ்சம் கொஞ்சமாகத் தரையை நோக்கி இறங்கி, கடைசிப் பட்டைகளைப் பம்ப் ஸ்டாப்பின் மேலேயே வாங்கியது. உட்கார்ந்திருப்பவருக்கு அது கம்ப்ரெஷன் இறுக்கம்போலத்தான் தெரியும். முழுதும் மூடிய, அதாவது மிக இறுக்கமான, நிலையிலிருந்து 5 கிளிக் திறந்திருந்த ரீபவுண்டை 9-க்குக் கொண்டுபோனேன். நான்கே கிளிக், மறுநாள் டை பம்ப் ஸ்டாப்புக்கு நன்றாகக் கீழே நின்றது. ஐந்து பட்டைகளும் ஒரே மாதிரி, டயரின் சத்தமாக மட்டும் கேட்டன. ஒரே திருகு உள்ள செட்டாக இருந்தால், ரீபவுண்டைத் தளர்த்தும்போது கம்ப்ரெஷனும் தளர்ந்து, பிரேக் பிடிக்கையில் மூக்கு முன்னைவிட அதிகமாகக் கவிழ்ந்திருக்கும். இரண்டு திருகுகளுக்குக் கொடுத்த கூடுதல் பணத்துக்கு என்னிடமிருக்கும் நியாயம் அந்த நான்கு கிளிக்தான்.

பின்பக்கத்தில் இதே வேலை அவ்வளவு சுலபமில்லை. டிடியில் பின் டேம்பரின் மேல்முனை சக்கர வளைவுக்குள் மறைந்திருப்பதால், ரீபவுண்டைத் தொட வேண்டுமென்றால் மேல் மவுண்ட் போல்ட்டுகளைக் கழற்ற வேண்டும். எனவே சனிக்கிழமை மலைப்பாதைக்கு ஒரு நிலை, திங்கட்கிழமை வேலைக்கு ஒரு நிலை என்று மாற்றிக்கொண்டே இருக்கலாம் என்ற கனவு இந்த வண்டியில் பலிக்காது. உண்மையைச் சொன்னால், எட்டிய இடத்தில் திருகு இருந்தாலும் நான் மாற்றியிருக்க மாட்டேன். முதல் ஒரு மாதம் திருகியதோடு சரி. அதன் பிறகு ஒன்றரை வருடமாகத் தொடவில்லை. தினமும் ஓட்டுகிறவருக்கு மாற்றும் வசதி என்பது, தம் சாலைக்கும் தம் எடைக்கும் ஏற்ற ஒரே நிலையைத் தேடிப் பிடிப்பதற்கான வசதிதான்.

அந்த நிலையில் வண்டி எப்படி ஓடுகிறது? காவேரிப்பட்டினம் அருகே தென்பெண்ணைப் பாலத்தின் இணைப்புகளில் பழைய கம்பெனி ஷாக்கைவிடக் கொஞ்சம் கூடுதலாகத் தெரிகிறது. ஒரு முறை ‘டப்’ என்று கேட்டு அதோடு அடங்கிவிடுகிறது, பின்னாட்டம் இல்லை. நெடுஞ்சாலை வேகத்தில் லாரியைக் கடந்து தடம் மாறும்போது முன்பு இருந்த அந்த மிதப்பு போய்விட்டது. பென்னாகரம் தாண்டி ஒகேனக்கல்லுக்கு இறங்கும் காட்டுச் சாலையில் ஒரு வளைவிலிருந்து எதிர் வளைவுக்கு வண்டி திரும்பும்போது உடல் ஒரே மூச்சில் பக்கம் மாறுகிறது. தொப்பூர் கணவாயில் எப்படி என்று என்னிடம் கேட்காதீர்கள். பிரேக் போன லாரிகளுக்குப் பேர்போன அந்த இறக்கத்தில் நான் எதையும் சோதிப்பதில்லை. ஊர்ச்சாலைக் குழிகளில் இது சொகுசு வண்டி அன்று. ஆனால் மாம்பழப் பருவத்தில் ஒரு நாளைக்கு இரண்டு நடை போய்வந்தாலும் இடுப்பு வலி இல்லை. அம்மா முன்சீட்டில் கும்பகோணம்வரை வந்துவிட்டார். வழியெல்லாம் குறை சொன்னது காரில் ஏறி இறங்குவதைப் பற்றித்தான்.

டயரில் காற்று அதிகமாக இருந்தால் எந்தக் காயிலோவரும் கல்லாகத்தான் தெரியும். பெட்ரோல் பங்கில் கேட்காமலே நாற்பதுக்கு ஏற்றிவிடுகிறார்கள். கதவுச் சட்டத்தில் ஒட்டியுள்ள அளவுக்கு, டயர் சூடாகாதபோது பார்த்துவிட்டுத்தான் கிளிக்கில் கை வைக்க வேண்டும்.

பராமரிப்பு அதிகமில்லை. டேம்பர் உடலும் திருகு மரையும் துருப்பிடிக்காத எஃகு என்பதால் இரண்டு மழைக்காலம் கழிந்தும் உயரத் திருகு கையோடு சுழல்கிறது. ஆனாலும் மரையில் படியும் செம்மண்ணை வருடத்துக்கு ஒரு முறை பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தட்டி எடுத்துவிடுகிறேன். முதல் செட்டில் ஏழே மாதத்தில் திருகு பிடித்துக்கொண்டு சுத்தியலால் தட்ட வேண்டியிருந்தது.

சட்டப்படியும் இரண்டு வார்த்தை. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறிப்பிட்டதிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019-இல் உச்ச நீதிமன்றமும் இதை வலியுறுத்தியது. செட்டோடு வரும் ஜெர்மானியச் சான்றிதழ் அந்த நாட்டுக்குத்தான் செல்லும், நம் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் செல்லாது. வாங்குமுன் அங்கே விசாரித்துக்கொள்வதும், காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவித்துவிடுவதும் வாங்குகிறவர் பொறுப்பு. நான் காப்பீட்டுக்கு எழுதிக்கொடுத்து, அதன் நகலை வண்டிக்குள்ளேயே வைத்திருக்கிறேன்.

செட், இறக்குமதி வரி, புதிய புஷ்கள், பூட்டுக்கூலி, இரண்டு முறை அலைன்மென்ட் எல்லாம் சேர்த்து எனக்கு மூன்று லட்சத்தை நெருங்கியது. முதல் செட்டுக்குத் தண்டம் அழுததை இதில் சேர்க்கவில்லை. தினமும் பத்து கிலோமீட்டர் ஊருக்குள் ஓட்டுகிறவர் இவ்வளவு செலவழிக்க வேண்டியதில்லை. கம்பெனி ஷாக்கைப் புதிதாகப் போட்டாலே வண்டி பிறந்த நாள் போல ஆகிவிடும். கேடபிள்யூ நிறுவனமே தினசரி ஓட்டத்துக்கென்றே ஸ்ட்ரீட் கம்ஃபர்ட் என்ற வகையையும் தருகிறது. அதில் ரீபவுண்டை மட்டும் மாற்றலாம், ஸ்பிரிங் மென்மையானது. எனக்கு விற்றவரிடம் அப்போது அது இல்லை. இருந்திருந்தால் அதைத்தான் முதலில் எடுத்திருப்பேன்.

இப்போது முன்பக்கம் ரீபவுண்ட் 9, கம்ப்ரெஷன் 8. பின்பக்கம் ரீபவுண்ட் 10, கம்ப்ரெஷன் 8. எல்லாமே முழுதும் மூடிய நிலையிலிருந்து திறந்து எண்ணியவை. எண்பது கிலோ எடையுள்ள ஒருவர் தனியாக ஓட்டும் வண்டிக்கு, இந்த ஐம்பது கிலோமீட்டர் சாலைக்கு மட்டும் பொருந்தும் எண்கள் இவை. அந்தக் கேபிள் டையை இன்னும் கழற்றவில்லை. வண்டியைக் கழுவும் ஞாயிற்றுக்கிழமைகளில் உறையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி சீல்வரை தள்ளிவிடுகிறேன்.